தீர்ப்புக்குப் பிறகு

பின் சந்துப் பெண் சட்டம் முடித்துவிட்டாள். அடுத்து மனித உரிமையில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டுமாம். தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகத்தில் 1998 முதல் நடக்கும் படிப்பு. லோரி ஓட்டும் அப்பா கேட்கிறார்: "படிச்சிட்டு என்னம்மா வேலை?" நியாயமான கேள்விதான். எங்கள் ஈப்போ புந்தோங்கில் எந்தப் படிப்புக்கும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

*

விண்ணப்பக் கட்டுரையைக் காட்டினாள். நியூரம்பெர்க், ருவாண்டா, 1948 பிரகடனம் எல்லாம் இருந்தன. ஈப்போ இல்லை. ரயில் நிலையத்துக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் உயர் நீதிமன்றம். "இந்திரா காந்தி வழக்கை எங்கேம்மா விட்டே?" என்றேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அங்கிள்" என்றாள்.

எவ்வளவு தெரியும்? 2009-இல் ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த எம். இந்திரா காந்தியின் கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். மூன்று பிள்ளைகளையும் தாயைக் கேட்காமல் மதம் மாற்றிச் சான்றிதழ் வாங்கினார். சான்றிதழ் கொடுத்த அலுவலக வாசலையே பிள்ளைகள் மிதிக்கவில்லை. பதினொரு மாதக் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 2010-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் பிள்ளைகளை வளர்க்கும் உரிமையைத் தாய்க்குக் கொடுத்தது. 2013-இல் சான்றிதழ்களையும் ரத்து செய்தது. 2015 டிசம்பரில் முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என அதைப் புரட்டிப் போட்டது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் நின்றார்கள். எழுதியவர் நீதிபதி சைனுன் அலி. 1988 திருத்தத்தில் வந்த 121(1ஏ) பிரிவைக் காட்டி சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பு.

கல்லூரியில் பின் சந்துப் பெண் படித்தது இத்தோடு நின்றுவிட்டது. எனக்கோ வழக்கே இதற்கு வெளியில்தான் இருக்கிறது. ஷரியா நீதிமன்ற உத்தரவு வேறு மாதிரி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று 2014-இல் போலீஸ் படைத் தலைவர் ஒதுங்கிக்கொண்டார். தந்தையைப் பிடிக்கும் ஆணையை நிறைவேற்றச் சொல்லி 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமே உத்தரவு போட்டது. ஆள் கிடைக்கவில்லை. போலீஸ் படைத் தலைவர் மீதும் அரசாங்கத்தின் மீதும் இந்திரா போட்ட 10 கோடி ரிங்கிட் வழக்கு 2024 ஜூனில் தள்ளுபடியானது. அன்றும் அந்தக் கடைக்குட்டி மகள் தாயிடம் இல்லை.

நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த ஒருத்திக்கு இது. பேராசிரியர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்களோ! அப்பா கேட்ட வேலை இங்கேதான் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

*

குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் சேர்ந்தது, சில ஷரத்துகளை ஒதுக்கி வைத்துவிட்டு. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐசர்ட் உடன்படிக்கையில் சேரப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அறிவித்தது. அதற்கே டிசம்பர் 8-இல் கோலாலம்பூரில் நன்றிப் பேரணி. இவையெல்லாம் தேர்வுக்கு வரும் என்றேன் அவளிடம்.

*

மனித உரிமைப் பட்டம் இல்லாமலும் இந்த வேலையைச் செய்தவர்கள் பேராக்கில் உண்டு. ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றதில் வேலையும் லயத்து வீடும் சேர்ந்து பறிபோன காலத்தில், சுங்கை சிப்புட்காரரான சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்க வைத்தார். பிறகு அதே சுங்கை சிப்புட்டில் 2008-இல் அப்போதைய மஇகா தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், நெஞ்சக நோய் மருத்துவர். அரசியலில் எனக்கு இருவரும் ஒன்றல்ல. கட்டுரையில் இருவரும் வரட்டும் என்றேன்.

*

கம்போங் கச்சாங் பூத்தேயில் கடலை வறுக்கும் பாட்டி, பேரனின் பிறப்புப் பத்திரத்தோடு இவளைத் தேடி வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த தாள். குடியுரிமைக் கட்டத்தில் 'புக்கான் வார்கநெகாரா', குடிமகன் அல்ல. அப்பன் இந்த ஊர்க்காரன், குடிமகனுக்குரிய நீல ஐசி. தாய் இந்தோனேசியா, கல்யாணம் பதியவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் என்கிறது சட்டம். "நீ லோயருக்குத்தானே படிச்சே?" என்றார் பாட்டி. இவள் தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னில் என்னென்ன கேட்பார்கள் என்று எழுதிக் கொடுத்தாள். இதையும் கட்டுரையில் சேர் என்றேன். பையன் பெயர் வெளியே தெரியும் என்று மறுத்துவிட்டாள். அது சரிதான்.

*

விண்ணப்பத்தில் ஆய்வுத் தலைப்பை மாற்றிவிட்டாள். நீதிமன்ற ஆணையைப் போலீஸ் நிறைவேற்றாதபோது குடிமகனுக்கு என்ன வழி, என்பது இப்போதைய தலைப்பு. ருவாண்டா ஒரு பத்தியாகச் சுருங்கியிருக்கிறது. உபகாரச் சம்பளம் கிடைத்தால் போவாள். இல்லாவிட்டால் ஒரு வருஷம் இங்கேயே வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பாளாம்.