வாளியோடு ஏறும் படி

சென்னையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய மாடி வீடுகளில் படிக்கட்டு பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, கேட்டுக்குள் நுழைந்ததும் நேரே மாடிக்கு. அழகு பார்த்து வைத்ததல்ல. வாடகை பார்த்து வைத்தது. மாடிக்குக் குடிவருகிறவர்கள் நம் கூடத்தை மிதித்துக்கொண்டு போக வேண்டாம், நம் வீட்டுச் சமாச்சாரம் அவர்கள் காதில் விழ வேண்டாம். எத்தனையோ வீட்டுக் கடன்களை அடைத்தது அந்த வெளிப்படிதான்.

இப்போது குடித்தனக்காரர் போய், மகனும் மருமகளும் மாடிக்கு வருகிறார்கள். மழை இரவில் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் பாட்டி குடை பிடித்து வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. இரண்டு குடித்தனத்தை ஒரு வீடாக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு படி வேண்டும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒன்றே சொன்னார்கள்: “சின்னதா ஒரு படி போதுமே.”

சின்னதாக ஒரு படி என்பது எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வராது. கீழ்த் தரையிலிருந்து மேல் தரைக்குப் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். ஒரு படிக்கு 7 அங்குல உயரம் என்றால் 18 படி. கால் வைக்க 10 அங்குல அகலம். நடுவில் ஒரு லேண்டிங் வைத்துத் திருப்பி ஏற்றினால், ஏறக்குறைய 9 அடி 8 அங்குல நீளம், ஆறரை அடி அகலம். ஒரு சிறிய படுக்கையறையில் பாதிக்கு மேல் போய்விடும். இந்த எண்ணைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறும். பிறகு பேரம் தொடங்கும். படியின் உயரத்தைக் கூட்டு, அகலத்தைக் குறை, எட்டங்குலம் போதாதா?

போதாது. 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சுவா ப்ளோந்தேல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒரு கணக்குச் சொன்னார்: இரண்டு படி உயரமும் ஒரு படி அகலமும் சேர்ந்து 24 அங்குலம் வரவேண்டும். மனிதனின் நடையை வைத்துப் போட்ட கணக்கு. அவருடைய அங்குலம் நம்முடையதைவிடச் சற்றுப் பெரியது. ஆனாலும் 7, 7, 10 என்று கூட்டினால் நமக்கும் சரியாக வருகிறது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வீடுகளுக்குப் படி உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. பேரம் பேசுகிறவர்கள் ஏறுவதை மட்டும் நினைக்கிறார்கள். ஏறும்போது முன்பாதம் மட்டும் பதிந்தால்கூடச் சமாளித்துவிடலாம். இறங்கும்போது குதிகாலுக்கும் இடம் வேண்டும். விழுந்தால் உருள்வதும் அப்போதுதான்.

படிக்கட்டு இடத்துக்கும் பணத்துக்கும் கேடு என்று நினைத்த பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன். வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற தன் மாளிகையைத் தானே வரைந்தவர், அதில் மாடிக்கு இரண்டடி அகலத்தில், செங்குத்தாக, இடுக்கான படிகளை வைத்தார். மாளிகை உலகப் பாரம்பரியச் சின்னம். படி என்னவோ பரண் ஏணிக்குச் சித்தப்பா. அவருடைய படுக்கையறை தரைத்தளத்தில். அந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள் மகளும் பேரப்பிள்ளைகளும், சுமை தூக்கிய அடிமைகளும். சிக்கனம் வரைந்தவருடையது, முழங்கால் மற்றவர்களுடையது. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. படியைத் தீர்மானிப்பது காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆண்கள். மொட்டை மாடிக்கு ஈரத்துணி வாளியும் வடாம் தட்டும் தூக்கிக்கொண்டு போவது வேறு ஆள்.

எனவே இடுக்குப் படிகளின் படங்களைக் காட்டி யாராவது மயக்கினால், ஏறுகிறவர் கையில் என்ன இருக்கும் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஐந்தடி விட்டத்தில் அடங்கும் இரும்புச் சுழல் படி பார்க்க அழகு. ஆனால் பீரோ ஏறாது, கட்டில் ஏறாது, நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் முடியாது. ஆம்ஸ்டர்டாமில் பழைய வீடுகளின் படி இடுக்கு என்பதால் முகப்பின் உச்சியில் உத்தரம் நீட்டி, கொக்கி மாட்டி, சாமான்களைக் கயிற்றில் ஜன்னல் வழியாக ஏற்றுகிறார்கள். அவர்களாவது அதற்கு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இடக்காலுக்கு ஒன்று, வலக்காலுக்கு ஒன்று என்று பாதிப் பாதியாக வெட்டிய படி இன்னொன்று. பாதி இடம் மிச்சம்தான். ஆனால் புடவையோடு அதில் இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

மிச்சம் பிடிக்க நியாயமான இடம் திருப்பம். லேண்டிங் முழுவதையும் சமதளமாக விடாமல், அதில் கீழ்ப்பக்கத்துப் பாதியை மட்டும் முக்கோணமாக மூன்று படியாக்கலாம். மேல்பாதி சமமாகவே இருக்கும். அம்மா நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். முக்கோணப் படியின் உள்முனை குறுகல் என்பதால் கைப்பிடியை வெளிச்சுவர்ப் பக்கம் கட்டாயம் வைக்க வேண்டும். உள்பக்கம் மட்டும் வைத்தால் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு குறுகலிலேயே கால் வைப்பார்கள்.

இந்த இடத்தில் மேஸ்திரி புகுந்தார். படிகளை அவர் இந்திரன், எமன், ராஜா என்று மும்மூன்றாக எண்ணுகிறவர். “சார், பதினெட்டு ராஜாவுலதான் முடியுது. ஆனா ரெட்டைப்படை சார். பதினேழுன்னா ஒத்தைப்படை, ஆனா எமன்.” அப்படியென்றால் பத்தொன்பது: ஒற்றைப்படையும் ஆயிற்று, இந்திரனும் ஆயிற்று. எனக்கு இந்த எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை. ஆனால் 126 அங்குலத்தை 19ஆல் வகுத்தால் ஒரு படி ஆறே முக்கால் அங்குலத்துக்கும் கீழே வருகிறது. அம்மாவின் முழங்காலுக்கு இந்திரன் செய்த உபகாரம் என்று ஒப்புக்கொண்டேன். கூடுதலான ஒரு படிக்கு இடம் திருப்பத்தில் மிச்சமானதிலேயே கிடைத்தது. மொத்த நீளம் 8 அடி 10 அங்குலத்தில் அடங்கிவிட்டது.

தளத்தை வெட்டுவதுதான் இதில் பயப்பட வேண்டிய வேலை. கான்கிரீட் தளத்தில் முக்கியக் கம்பிகள் பெரும்பாலும் அறையின் குறுகிய பக்கவாட்டில் ஓடும். திறப்பின் நீளவாட்டம் அந்தக் கம்பிகளோடு ஒத்துப் போனால் குறைவான கம்பிகளே அறுபடும். எப்படியானாலும் முட்டுக் கொடுத்து, திறப்பைச் சுற்றி உத்தரம் அமைத்த பிறகே கட்டரைத் தொட வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. திறப்பைச் சிறிதாக வெட்டிவிட்டு, ஏறும் வழியிலேயே நெற்றி இடிக்கிற வீடுகளும் உண்டு. ஒவ்வொரு படியிலிருந்தும் மேலே ஏழடிக்குக் குறையாத உயரம் வேண்டும்.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒன்றரை அங்குலம். மேல் தரையும் கீழ்த் தரையும் ஏற்கெனவே முடிந்த வீட்டில், கான்கிரீட் படிகளைச் சமமாக வார்த்து, பிறகு அதன்மேல் கலவையும் கிரானைட்டுமாக ஒன்றரை அங்குலம் ஏற்றினால், முதல் படி எட்டங்குலத்தைத் தாண்டும். கடைசிப் படி ஐந்து அங்குலம்தான் இருக்கும். கால் இரண்டு படியிலேயே ஓர் அளவைப் பழகிக்கொள்ளும். அளவு மாறுகிற இடத்தில் தடுக்கும். சென்ட்ரிங் அடிக்கும்போதே முதல் படியில் இதைக் கழித்துவிட வேண்டும். பளபளவென்ற கிரானைட்டும் வேண்டாம். லெதர் பினிஷ் போடுங்கள், விளிம்பில் இரண்டு கோடு வெட்டச் சொல்லுங்கள்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கூடத்தில் சாக்பீஸால் படியை முழு அளவில் வரையுங்கள். வீட்டில் துணி உலர்த்துகிறவர் கையில் வாளியைக் கொடுத்து, அந்தக் கோடுகளுக்குள் நடக்கச் சொல்லுங்கள். அகலம் போதுமா, திருப்பம் இடிக்கிறதா என்று அவர் சொல்லட்டும். அதற்குப் பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.