பிறர் எழுத்தைத் திருத்தும் தொழில்

அட்டனிலும் நுவரெலியாவிலும் எழுத்துப் பயிற்சி வகுப்புகள் நடத்தும்போது, மாணவர் நம்மைத் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, இத்தொழிலுக்கு என்ன படித்தீர்கள்?" நியாயமான கேள்வியே. வைத்தியரிடம் போகுமுன் அவருடைய கைராசியை விசாரிப்பது நம் குடும்பங்களின் வழக்கமல்லவா?

நாம் எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் பெறுவதில்லை. பிறருடைய கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுத்துக் கூலி பெறுகிறோம்; எழுத விரும்புவோரைப் பழக்குகிறோம். நமது தகுதியைச் சொல்ல வேண்டுமாயின், இம்மலைகளில் நமக்கு முன் இப்பணியைச் செய்தவர்களிடம் கற்றதையே சொல்ல வேண்டும்.

முதல்வர் கோ. நடேசய்யர். தஞ்சையில் வணிகக் கல்வி போதித்த ஆசிரியர். கணக்குப் பதிவைப் பற்றித் தமிழிலே நூல் எழுதியவர். இலங்கைக்கு வந்து 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். பின்னர் அட்டனைத் தம் இருப்பிடமாக்கி, 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டார். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சூழ இருப்போர் கேட்டு விளங்கிக்கொள்ளும் வாக்கியமே அவருக்கு வேண்டியிருந்தது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையோ, எழுத்தறியாதாரையும் எட்டுமாறு பாட்டிலேயே செய்தி சொன்னார். தெளிவு என்னும் பாடம் இவர்கள் தந்தது.

இரண்டாமவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராய்ப் பணியாற்றி, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தவர். ஆங்கிலத்தில் கவிதை புனைந்த அவர், தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். எழுதுவதற்கு முன் செவி வேண்டும் என்பது அவரிடம் கற்றது.

மூன்றாமவர் 'வீரகேசரி'யில் பணியாற்றிய எஸ். எம். கார்மேகம். 1960களில் அவரும் நண்பர்களும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் மூலம் சிறுகதைப் போட்டிகள் நடத்தினர். பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்னும் நூலாயின. எழுத்து வருமென்று காத்திராது, எழுதுவோரைத் தேடி அழைப்பதும் பத்திராதிபரின் கடமையென உணர்த்தியவர் அவர்.

இப்பாடங்கள் எங்கே பயன்படுகின்றன? அண்மையில் மாணவி ஒருத்தி தன் கதையில், "இன்று அம்மாவுக்கு அரைப்பேர்" என்று எழுதி, அதனை அடித்துவிட்டு, "சம்பளக் குறைப்பு" என்று மாற்றியிருந்தாள். ஏனென்று வினவினோம். "கொழும்பில் வாசிப்பவர்கள் இளக்காரமாக நினைப்பார்களே" என்றாள். தாய் கொழுந்து பறிப்பவள் என்பதையே மறைக்க விரும்பினாள் என்பது விளங்கிற்று.

குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். குறைவது பணம் மட்டுமன்று. நாள் முழுதும் மலையேறி இறங்கியவளின் பேரே அன்று பாதியாகிறது. "சம்பளக் குறைப்பு" என்பதில் அந்த வலி எங்கே இருக்கிறது? அடித்த சொல்லை மீண்டும் எழுதச் சொன்னோம். அயலூரார்க்கு விளங்க வேண்டுமே என்றாள். அடைப்புக்குறிக்குள் பொருள் சொல்ல வேண்டுவதில்லை. தராசில் கூடை தொங்குவதையும், கணக்கப்பிள்ளை நிறையைச் சொல்வதையும், தாய் பேசாது நிற்பதையும் அதற்கு முன் இரண்டு வரியில் எழுதினால் எவர்க்கும் விளங்கும் என்றோம்.

அதே பக்கத்தில் "கொளுந்து" என்றிருந்ததைக் "கொழுந்து" எனத் திருத்தினோம். பிழை வேறு, வழக்கு வேறு. முன்னதைக் களைவதும் பின்னதைக் காப்பதுமே திருத்துவோன் கடன். கதையின் இறுதியில் அவள் சேர்த்திருந்த நீதியுரையையும் நீக்கினோம்; தாயின் மௌனமே போதுமானதாயிருந்தது.

"இத்தொழில் சோறு போடுமா?" எனப் பெற்றோர் கேட்கின்றனர். தனியே நம்பினால் சிரமந்தான். நடேசய்யரும் வேலுப்பிள்ளையும் ஆசிரியத் தொழிலும் செய்தவர்களே. ஆதலால் பிள்ளைகள் வேறொரு தொழிலையும் கற்கட்டும், எழுத்தையும் விடாதிருக்கட்டும். வீட்டிலே எழுதும் பிள்ளையிருந்தால், அது எழுதியதை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாட்டியும் தாயும் பேசும் சொற்கள் அதில் வந்தால் வெட்கப்படாதீர்கள். அச்சொற்களைத் தக்கபடி எழுத அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நாம் இருக்கிறோம்.