மிச்சக் காசு

 

நேற்றுப் பின்னேரம் பண்டத்தரிப்புச் சந்தியில் ஒரு பொடியன் கடையில் நூறு ரூபாய்த் தாளை நீட்டிப் பணிஸ் கேட்டான். பணிஸை வாங்கிய பிறகும் போகவில்லை. கையை நீட்டியபடியே நின்றான். மிச்சக் காசு வேணுமாம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். தள்ளி நின்ற தாய் கண்ணைத் துடைத்தா.

அவன் என்னுடைய மாணவன். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. இதில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருசத்துக்கு முன் தாய் அவனைத் தரம் 3க்குக் கூட்டிவந்தா. "சேர், ஒரு மூலையில இருத்தி வைச்சாக் காணும். சத்தம் போடமாட்டான்" என்றா. நானும் அப்படியே செய்தேன். கீறுவதற்குத் தாளும் கலர் பென்சிலும் கொடுத்தேன். ஒரு நாளும் ஏசவில்லை. நல்ல சேர் என்று சனம் சொன்னது. எனக்கும் அது பெருமையாக இருந்தது.

வருச முடிவில் தாய் கேட்டா, "சேர், இவன் இந்த வருசம் என்ன படிச்சவன்?"

என்னிடம் பதில் இல்லை.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் சின்னப் பிள்ளை. புத்தளத்தில் எங்களுக்குப் பின்னேர வகுப்பில்தான் இடம் கிடைத்தது. கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு வருவோம். ஒரு நாள் ஒரு ரீச்சர் என் கொப்பியை வாங்கிப் பிழை திருத்தித் தந்தா. அன்றைக்குத்தான் நானும் மாணவன் என்று நினைத்தேன். அதெல்லாம் தெரிந்த நானே இவனுடைய கொப்பியை ஒரு வருசம் திறந்து பார்க்கவில்லை.

உடற்குறை, மனக்குறை என்று காட்டி ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. உள்ளே வந்த பிள்ளைக்குப் படிப்பிப்பது ஆசிரியரின் வேலை. கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் அவர்கள் தொடங்கிய சிவபூமி பாடசாலை இப்படியான பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் இந்தத் தாயால் தினமும் அங்கே கூட்டிக்கொண்டு போய்வர ஏலாது.

விசேட கல்வி படித்த ஒரு ரீச்சரிடம் போய்க் கேட்டேன். "அவனுக்கு என்ன வராது என்று எழுதாதேங்கோ சேர். நாளைக்கு அவனுக்கு எது உதவும் என்று பார்த்து, அதைச் சின்னச் சின்னப் படியாக உடைச்சுப் படிப்பியுங்கோ" என்றா.

நாங்கள் கடைக்குப் போவதை எடுத்தோம். முதலில் நிறம். ஐம்பது நீலம், நூறு செம்மஞ்சள். பிறகு தாளை எடுத்துக் கையில் கொடுப்பது. பிறகு பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பது. வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்துக் கடைக்காரராக இருந்தார்கள். கணக்கில் பின்னுக்கு நின்ற இன்னும் இரண்டு பேரும் அந்த விளையாட்டில் கழித்தல் பழகிக்கொண்டார்கள். மிச்சக் காசுக்காக நிற்பதற்கு மட்டும் நாலு மாதம் எடுத்தது.

இன்னும் அவனுக்குத் தன் பெயரை எழுத வராது. அது அடுத்த வேலை. நேற்று தாய் சொன்னா, "சேர், நான் இல்லாத காலத்திலயும் இவன் பசியோட இருக்கமாட்டான்."

எங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்தால் தயவுசெய்து பாடசாலைக்குக் கூட்டிவாருங்கள். உதவித்தொகை விசயத்துக்கு சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைக் கேளுங்கள். சேர்த்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், அந்தத் தாய் கேட்ட கேள்வியை எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு பிள்ளை வந்தால் அவசரப்படுத்தாதீர்கள். மிச்சக் காசைத் தாயிடம் கொடுக்காமல், பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.