ஒண்ணும் பண்ணாதுங்க

வட சென்னை ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் 2023 நவம்பரில் ஒரே ஒரு நாய், கொஞ்ச நேரத்துக்குள், ஏறக்குறைய முப்பது பேரைக் கடித்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் அடக்கம். கடிபட்டவர்களை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாயை ஜனங்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதன் உடலைப் பரிசோதித்தபோது வெறிநோய் இருந்தது உறுதியானது. மாநகராட்சி வண்டி வந்து சுற்றுவட்டாரத்து நாய்களைப் பிடித்துக்கொண்டு போனது. அந்த நாய் யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. யாருடையதும் இல்லை, தெருவில் இருந்தது, அவ்வளவுதான்.

பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். சின்ன நாய், வயசான நாய், பிள்ளை மாதிரி வளர்ந்த நாய் என்று எதற்கும் விலக்கு வேண்டாம். நாயைக் கண்டால் ஆகாதவன் சொல்வதாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலம் குறைவு. ஆனால் வட சென்னையில் நின்றுகொண்டு இதைப் பேசினால் பேச்சு கயிற்றோடு முடிவதில்லை. கயிற்றைப் பிடிக்க ஒரு கை வேண்டுமே. இங்கே பெரும்பாலான நாய்களுக்கு அந்தக் கைதான் கிடையாது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுத்துக்கொண்டு கிளம்பும் பெண்களைப் பாருங்கள். தலையில் அன்னக்கூடை. மீன்தண்ணீர் சொட்டிச் சொட்டிப் புடவையின் தோள்பக்கம் ஊறியிருக்கும். தெருமுனை திரும்பியதும் நாய்கள் பின்னால் சேர்ந்துகொள்ளும். முதலில் ஒன்று, அப்புறம் நாலு. ஒரு கை கூடையைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கையில் அரிவாள்மனை வைத்த பை. குனிந்து கல் எடுக்க முடியாது, ஓட முடியாது. கூடை சரிந்தால் கந்துவட்டிக்கு வாங்கிப் போட்ட அன்றைய முதல் மண்ணோடு போயிற்று. 'நாய் வந்தால் ஓடாதீர்கள், அசையாமல் நில்லுங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள்' என்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் மேலெல்லாம் மீன்வாசம் வீசும் ஒருத்தி எவ்வளவு நேரம் அசையாமல் நிற்பாள்? வீடு வீடாகப் போய் விற்றாக வேண்டியவள் அவள்.

இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவர்களுக்கு வேறு பயம். திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று ஆலைகளும் சுத்திகரிப்பு நிலையமும் மூன்று ஷிப்டு ஓடும் பகுதி இது. ராத்திரி ஒரு மணிக்குத் தெரு முழுக்க நாய்களுடையது. தெரிந்த முனை வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டே போகிற ஆட்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள்காரனுக்கு அதுவும் முடியாது, வேகத்தைக் கூட்டுவான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அடியில் நிழலுக்குப் படுத்திருக்கும் நாய் சட்டென்று பாய்ந்து துரத்தினால் வண்டி எந்தப் பக்கம் சாயும்? கடியைத்தான் கணக்கில் எழுதுகிறார்கள். பயத்தில் கீழே விழுந்தது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. லாரிச் சக்கரத்தில் நசுங்கிக் கிடக்கும் நாய்களுக்கும் கணக்கில்லை. கயிறு என்பது மனிதனைக் காப்பாற்ற மட்டும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் அந்த ரோட்டோரம் நடந்து பார்க்க வேண்டும்.

வளர்ப்பு நாய்க்காரர்களிடம் போவோம். எதிரில் வருகிறவர் தயங்கி நின்றால் அவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "ஒண்ணும் பண்ணாதுங்க." பொய் சொல்லவில்லை, அவர்களை அது ஒன்றும் பண்ணியதில்லை. ஆனால் எதிரில் நிற்கும் ஆளுக்கு அந்த நாயைத் தெரியாது. நாய்க்கும் அவரைத் தெரியாது. கையில் குடை இருக்கலாம், குழந்தை வீரிட்டு அழலாம், பக்கத்தில் பட்டாசு வெடிக்கலாம். தன் நாயின் குணத்தின்மேல் தனக்கிருக்கும் நம்பிக்கையை இன்னொருவர் கெண்டைக்காலைப் பணயமாக வைத்துச் சோதிக்க யாருக்கும் உரிமை இல்லை.

2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அவள் பூங்காக் காவலாளியின் மகள். குடும்பமே அந்தப் பூங்காவில்தான் குடியிருந்தது. நாய்க்கு உலாவ இடம் என்று கொண்டுவந்தவர்களுக்கு அது பூங்கா, அந்தப் பிள்ளைக்கு அதுதான் வாசல். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் செத்தே போனார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 289ஆம் பிரிவு. ஆக, சட்டம் புதிதில்லை. ஆயிரம் விளக்குச் சம்பவத்துக்குப் பிறகுதான் உரிமம், கயிறு, வாய்மூடி என்று மாநகராட்சி கண்டிப்பாகப் பேசத் தொடங்கியது. 2025 கடைசியில் உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம், உடம்பில் மைக்ரோசிப் கட்டாயம் என்றும் அறிவித்துக் கெடு வைத்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய நம் பையன்களைக் கேளுங்கள். அங்கே வெளியே வரும் நாய்க்குக் கயிறும் உரிமமும் இருந்தே ஆக வேண்டும் என்பது எல்லாருக்கும் பழகிப்போன விஷயம் என்பார்கள்.

இதெல்லாம் சொந்தக்காரன் உள்ள நாய்க்கு. எங்கள் பக்கத்தில் வளர்ப்பு நாய், தெருநாய் இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹவுசிங் போர்டு வீடு ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே டைகர் என்றொரு நாய். மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர் சாயங்காலம் திரும்பும்போது மீன்தலையும் சோறும் போடுவார். மேல்மாடிப் பாட்டி பிஸ்கெட் போடுவார். பிள்ளைகள் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் அது 'நம்ம டைகர்'. ஒரு நாள் சிலிண்டர் கொண்டுவந்த பையனின் காலைப் பிடித்துவிட்டது. அவன் ரத்தம் ஒழுக நின்றுகொண்டு "யாரு நாய்பா இது?" என்று கத்தியபோது அந்தப் படிக்கட்டில் இருந்த எல்லாரும் "தெரு நாய்பா" என்றார்கள். முந்தின நாள் வரை சோறு போட்டவர்கள். அவர்களைக் கல்மனசுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். 'என் நாய்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் போலீஸ் பேச்சும் அவர் தலையில் விடிந்திருக்கும். அன்றாடம் காய்ச்சிகளால் அதைத் தாங்க முடியாது.

அந்த அக்காதான் கடைசியில் முன்வந்தார். விசைப்படகில் கழித்துப்போட்ட நைலான் கயிறு வாங்கிவந்தார். கழுத்தை இறுக்காதபடி முடிச்சுப் போடத் தெரிந்த கடல்காரர் வீட்டிலேயே இருந்தார். கயிறு கட்டியதும் டைகர் தரையில் சப்பென்று உட்கார்ந்துகொண்டது, இழுத்தாலும் நகரவில்லை. மீன்தலையைக் காட்டிக் காட்டித்தான் நடக்க வைத்தார். ஊசி போட வேப்பேரிக்குக் கூட்டிப்போக ஆட்டோக்காரர்கள் மறுத்தார்கள், வந்தவர் கூடுதல் பணம் கேட்டார். "நானு ஒரு நாள் வேலய உட்டுட்டுத்தான் தம்பி இத்த இட்டுனு போனேன்" என்று அவர் என்னிடம் சொன்னதில் அலுப்பு இருந்தது, கூடவே ஒரு பெருமையும் இருந்தது. அன்றிலிருந்து அந்த நாய்க்கு ஒரு கை இருக்கிறது.

இப்படிப்பட்ட நாய்களைக் கணக்கில் எடுக்காமல் கயிற்றைப் பற்றி என்ன சட்டம் போட்டாலும் அது வசதியான நுங்கம்பாக்கத்துக்கு மட்டும்தான் ஆகும். கொட்டிவைத்ததுபோல வீடுகள் நெருங்கிய பகுதியில் நாயை உள்ளே கட்டிவைக்க முற்றமில்லை. உரிமம் ஆன்லைனில், ஊசிக்குத் திரு.வி.க. நகர், வேப்பேரி என்று போக வேண்டும். காசிமேட்டிலும் கத்திவாக்கத்திலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாநகராட்சி ஆட்கள் மேசை போட்டு உட்கார்ந்து, ஊசியும் உரிமமும் கழுத்துப்பட்டையும் அங்கேயே கொடுத்தால், 'இது என் நாய்' என்று சொல்ல எத்தனையோ அக்காமார்கள் வருவார்கள். சோறு போடுகிறவருக்கு அபராத பயத்தைக் காட்டினால் எல்லாரும் படிக்கட்டில் சொன்ன பதிலையே சொல்வார்கள்.

நாய்களைப் பிடித்துக் கொன்றுவிடலாமே என்கிறவர்களுக்கு வட சென்னையே சாட்சி. பேசின் பிரிட்ஜ் பக்கம் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. கொல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய வேலை, நாய்கள் தீரவில்லை. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய விலங்குநல அமைப்பான புளூ கிராஸ், கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று அறுபதுகளிலிருந்தே சொல்லிவந்தது. 1996இல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001இல் மத்திய அரசு விதியாகவே கொண்டுவந்து, 2023இல் திருத்தி எழுதியது. வழி சரி, நடை போதவில்லை. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அப்போது கருத்தடை ஆனவை கால் பங்கைச் சற்றே தாண்டின. வெறிநோய் பரவாமல் நிற்க வேண்டுமானால் நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவு போட்டு, பதினோரு நாளில் அதைத் திருத்தி, நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. அகற்றிய நாய்களை வைத்துப் பராமரிக்க இடம் எங்கே என்பதுதான் எங்கள் பக்கத்துக் கேள்வி. அகற்றினாலும் ஒவ்வொரு குப்பைமேட்டுக்கும் புது நாய் வந்து சேரும். மீன்கழிவையும் கோழிக்கழிவையும் அன்றன்றைக்கே அள்ளாமல் நாயை மட்டும் அள்ளுவது வீண்வேலை.

எங்கள் அப்பா காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. வெறிநோய் முற்றியவர்களைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். தண்ணீர் டம்ளரைக் கண்டு நடுங்கியவர்களைப் பற்றி அந்தத் தெருக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அறிகுறி வந்துவிட்டால் இன்றைக்கும் காப்பாற்ற மருந்து இல்லை. தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் பேர் கடிபட்டார்கள், 43 பேர் வெறிநோயில் இறந்தார்கள். கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைப்பது இங்கே இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசிக்குக் காசில்லை. முதல் நாள் ஒன்று, அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து ஒவ்வொன்று என்று கையில் போடும் ஊசிதான். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றியும் மருந்து போடுவார்கள். கூலிக்காரர்கள் இரண்டோடு நிறுத்திவிடுவது எனக்குத் தெரியும், ஒவ்வொரு ஊசிக்கும் அரைநாள் சம்பளம் போகிறது. போனாலும் போகட்டும், நாலையும் போட்டுக்கொள்ளுங்கள். வேலை கொடுக்கிறவர்களே, அந்த அரைநாள் சம்பளத்தைப் பிடிக்காமல் விடுங்கள்.

நாய் வளர்ப்பவர்களிடமும் சோறு போடுபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருடம் தவறாமல் ஊசி போடுங்கள். தெருவில் இறங்கினால் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும், வேலைக்காரப் பிள்ளையின் கையிலோ எட்டு வயசுப் பையன் கையிலோ கொடுக்காதீர்கள். எதிரில் ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயை உங்கள் மறுபக்கத்துக்கு மாற்றி, அவர் தாண்டிப் போகிறவரை நில்லுங்கள். அவர் பயப்படுகிறவரா இல்லையா என்று பார்க்க வேண்டாம், எல்லாருக்கும் அப்படியே நில்லுங்கள்.