மேலங்கி கேட்டவர்கள்

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஒரு நகரம் திறந்துவிடப்பட்டது. பாரகன் சிட்டி என்பது அதன் பெயர். கல்லும் சுண்ணாம்பும் இல்லாத நகரம். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்னும் இணைய விளையாட்டின் களம். அமெரிக்காவின் கிரிப்டிக் ஸ்டூடியோஸ் அதனை உருவாக்க, தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. கட்டணம் செலுத்தி உள்ளே நுழைபவர் தமக்கென ஒரு மீமனிதரைப் படைத்துக்கொள்ளலாம். பெயர், உருவம், உடை, ஆற்றல், முற்கதை யாவும் அவரவர் விருப்பம். எல்லாம் இருந்தும் ஒன்று மட்டும் இல்லை. சூப்பர்மேனின் முதுகில் படபடக்குமே, அந்த மேலங்கி அங்கு எவருக்கும் வாய்க்கவில்லை.

ஆடுவோர் கேட்டனர். மேலங்கி இல்லாத வீரன் வீரனா என்று ஓயாமல் கேட்டனர். காற்றில் அசையும் துணியைத் திரையில் இயக்குவதற்கான நுட்பம் தொடக்கத்தில் ஆயத்தமாக இருக்கவில்லை. படைத்தோர் அதனைக் குறையாக விட்டுவிடவில்லை; கதையாக்கினர். ரிக்டி என்னும் வேற்றுலகத்தார் படையெடுப்பில் மாண்ட வீரர்களுக்காக அந்நகரம் துக்கம் காக்கிறது. ஆதலின் புதியவர் மேலங்கி அணிவதில்லை என்றனர். 2004 செப்டம்பரில் மேலங்கி வந்தது. அப்போதும் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடவில்லை. 20ஆம் நிலையை எட்டி, அதற்கென வகுத்த பணியை முடித்தவரே அணியலாம் என்று விதித்தனர். ஒரு துண்டுத் துணி, கேட்டதனாலும் காத்ததனாலும், பட்டமாக உயர்ந்துவிட்டது.

இச்செய்தி நமக்கு வகுப்பறையில் கிடைத்தது. மதுரையில் நாம் தமிழ் கற்பிக்கும் கல்லூரியில் அன்று அரங்கேற்றம் குறித்த பாடம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதைப் பனம்பாரனாரின் பாயிரம் சொல்வதை விளக்கிக்கொண்டிருந்தோம். அவையோர் வினவுவர், நூலாசிரியர் விடையிறுப்பார், அதன் பின்னரே நூல் உலகிற்கு உரியதாகும் என்றோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, நாங்கள் விளையாடும் விளையாட்டில் இதைச் சேருங்கள், அதை மாற்றுங்கள் என்று கேட்கிறோமே, அதுவும் அரங்கேற்றந்தானா?" என்றார். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அவருடைய சித்தப்பா அமெரிக்காவில் இருந்தபோது ஆடிய விளையாட்டு என்று அவர் சொன்னதுதான் மேற்கண்ட நகரத்தின் கதை. பிற்பாடு தேடிப் படித்து மற்றவற்றை அறிந்தோம்.

கேள்வி சிறிதன்று. நம் மரபில் அரங்கேற்றம் ஒருமுறை நிகழ்வது. அந்நகரத்திலோ அது நாள்தோறும் நிகழ்ந்தது. அங்கு புதுப்பித்தல் ஒவ்வொன்றுக்கும் 'இதழ்' என்றே பெயர். சித்திரக்கதை இதழ்களைப் போல எண்ணிட்டு வெளியிட்டனர். எட்டரை ஆண்டுகளில் 23 இதழ்கள் வந்தன. தம் வீரரின் கையிலிருந்து பாயும் நெருப்புக்கும் பனிக்கும் தாமே நிறம் தேர வேண்டும் என்பது ஆடுவோரின் நெடுநாள் வேண்டுகை. 2009 செப்டம்பரில் 16ஆம் இதழ் அதனை வழங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 14ஆம் இதழ், ஆடுவோரே கதைக்களங்களைப் புனைந்து பிறருக்கு அளிக்க வழி செய்தது. நல்ல கதைகள் பிறந்தன. உழைக்காமல் புள்ளிகளை அள்ளிக் குவிப்பதற்கென்றே புனையப்பட்ட களங்களும் பிறந்தன. நிறுவனம் வேலி போட வேண்டியதாயிற்று.

இந்த இருவகை வேட்கையும் நமக்குப் புதியனவல்ல. மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தோம். எண்பதுகளின் இறுதி அது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொணர்ந்த இரும்புக்கை மாயாவி அப்போதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைகளில் கிழிந்தும் ஒட்டியும் உலவிக்கொண்டிருந்தார். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். எங்கள் ஊரிலோ மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. கண்மாய்க் கரையில் அமர்ந்து பெருங்கவலையோடு விவாதித்தோம்: மாயாவி நம் ஊருக்கு வந்து, அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டால்?

ஒருவன், "கைக்குள்ளேயே பேட்டரி வைத்துவிட்டால் போயிற்று" என்றான். எல்லோரும் ஏற்றோம். பதினைந்து காசு அஞ்சலட்டை ஒன்றில் அக்கருத்தை எழுதி ஆசிரியருக்கு அனுப்பவும் முடிவாயிற்று. அப்போது எங்களுள் இளையவன், அதுவரை வாய் திறவாதவன், "பேட்டரி இருந்தால் அப்புறம் என்ன கதை இருக்கிறது? கரண்டு இல்லாமல் அவர் மாட்டிக்கொள்ள வேண்டும், நாம் போய்க் காப்பாற்ற வேண்டும்" என்றான். அஞ்சலட்டையில் இரண்டையும் எழுதினோம்.

இன்று எண்ணிப் பார்க்கையில், இணைய விளையாட்டுகளில் எழும் எண்ணற்ற வேண்டுகோள்கள் அந்த அட்டையின் இரு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன எனத் தோன்றுகிறது. ஒன்று ஆற்றலைக் கேட்கிறது. மற்றொன்று கதைக்குள் தனக்கோர் இடத்தைக் கேட்கிறது. முன்னதைக் கொடுக்கக் கொடுக்க விளையாட்டு மெலியும். பின்னதைக் கொடுத்தால் விளையாட்டு ஊராகிவிடும். மேலங்கி அடியை வலுப்படுத்தவில்லை, ஓட்டத்தை விரைவாக்கவுமில்லை. ஆயினும் அதற்காக அத்தனை பேர் காத்திருந்தனர். வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடியப் பார்க்கும் நம் கிராமத்தார், வள்ளிக்கும் நாரதருக்கும் இடையிலான தர்க்கத்தை இன்னும் நீட்டச் சொல்வர்; பபூனை மீண்டும் வரச் சொல்வர். வள்ளி முருகனை மணக்க வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. எதைக் கேட்கலாம் என்பதை அறிந்த அவை அது.

கேட்கத் தெரிந்தவரின் குரலே உரக்க ஒலிக்கும் என்னும் இடரும் இதில் உண்டு. இறையனார் களவியலுக்கு எழுந்த உரைகளுள் மெய்யுரை எது எனத் தேர, மதுரைச் சங்கம் உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனை அமர்த்தியதாக அந்நூலுரை கூறும். நக்கீரர் உரைக்கு அவன் பதந்தோறும் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். பேசாதவனின் உடலே தீர்ப்பாயிற்று. படைப்பவர் பேசுவோரின் பட்டியலை மட்டும் படித்தால் போதாது. பேசாதோர் எவ்விடத்தில் நின்று லயிக்கின்றனர் என்பதையும் நோக்க வேண்டும்.

2012 ஆகஸ்ட் 31 அன்று, நகரத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அட்லஸ் பார்க் என்னும் பகுதியிலிருந்த பெருஞ்சிலையின் அடியில், மேலங்கிகளும் தீப்பந்தங்களுமாக ஆடுவோர் திரண்டனர். இம்முறை அவர்கள் நிறமோ அணியோ கேட்கவில்லை, மூடாதீர்கள் என்றனர். அது ஏற்கப்படவில்லை. நவம்பர் 30ஆம் நாள் நகரம் அணைந்தது. தாமே பெயரிட்டு, உடுத்தி, ஆண்டுக்கணக்கில் வளர்த்த வீரர் தமக்குச் சொந்தமல்லர் என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. அவ்விளையாட்டின் நிரல்களைக் காத்து வைத்திருந்த ஒரு சிறு குழு அதனை மறைவாக நடத்திவந்தது 2019இல் வெளிப்பட்டது. அதன்பின் ஆர்வலர்கள் வெளிப்படையாகவே நகரத்தை மீட்டெடுத்தனர். 2024 சனவரியில் 'ஹோம்கமிங்' என்னும் அத்தகைய ஆர்வலர் குழுவுக்கு என்சிசாஃப்ட் முறையான உரிமம் வழங்கியது. திரும்பி வந்தோர் தம் பழைய வீரரை அங்கு காணவில்லை. நினைவிலிருந்து மீண்டும் வனைந்தனர். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் ஏடு தேடிச் சேர்த்த வரலாற்றைக் கற்பிக்கும் நமக்கு, இச்செயல் அயலாகத் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர்களிடத்தில்தான் காக்கும் பொறுப்பும் வந்து சேர்கிறது.

நம்மை உறுத்துவது வேறொன்று. ஒரு விளையாட்டுக்கு எது வேண்டும் என்று பத்துப் பக்கம் எழுதவல்ல இம்மாணவர்கள், கண்ணகி மதுரையை எரிக்கும் பகுதியை நடத்தும்போது ஒரு சொல்லும் கேட்பதில்லை. முடிந்த ஒன்றின் முன் அமர்ந்திருப்பதாகவே எண்ணுகின்றனர். ஆகவே அடுத்த வாரம் மதுரைக் காண்டத்தை எடுத்துக்கொண்டு, "இதில் உங்களுக்கு எங்கே இடம் வேண்டும்?" என்று கேட்டோம். நெடுநேரம் அமைதி. பின்னர் ஒரு மாணவி மெல்ல, "அந்தத் தெருக்களில் வாழ்ந்த யாராவது ஒரு ஆள் பேச வேண்டும் ஐயா" என்றார்.

அவ்வாளின் குரலை அவரே இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.