நம் கையில் இருந்தவை இரண்டு

 

சென்ற ஆண்டு எங்கள் வாப்பா இடுப்பெலும்பு முறிந்து 23 நாட்கள் மருத்துவமனையில் இருந்தார்கள். அறுவைச் சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. எட்டாம் நாள் குளிரும் காய்ச்சலும் கண்டன. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா என முடிவு வந்தது. அந்தத் தாளில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றின் எதிரே 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து இருந்தது. அக்கிருமி அம்மருந்துக்குக் கட்டுப்படாது என்பது அதன் பொருள்.

மருத்துவர் எங்களை அமர வைத்துக் கேட்டார். வயது என்ன? 74. சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக? 20. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாரா? இரண்டு நாட்கள். சிறுநீர்க் குழாய் எப்போது பொருத்தப்பட்டது? சேர்த்த அன்றே. கடந்த மூன்று மாதங்களில் ஆன்டிபயாடிக் ஏதேனும் உட்கொண்டாரா?

இல்லை என்று சொல்ல வாயெடுத்தோம். அப்போதுதான் நினைவு வந்தது. சளிக்கு ஒருமுறை, நீர்க்கடுப்புக்கு இருமுறை, மருத்துவரைப் பாராமலேயே தெருமுனை மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தோம். இரண்டு நாளில் குணம் தெரிந்ததும் நிறுத்தினோம். மீதியை டப்பாவில் வைத்து, அடுத்த முறை அதையே கொடுத்தோம்.

மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் உள்ளன. மருந்து உள்ளே செல்லும்போது எளியவை மடிகின்றன, தாங்கும் ஆற்றல் பெற்றவை எஞ்சிப் பெருகுகின்றன என்று விளக்கினார். உடல் தளர்ந்து, குழாயோ ஊசியோ வழி திறக்கும்போது அவை உள்ளே புகுகின்றன. நீண்ட நாள் தங்குதல், செயற்கைச் சுவாசம், டயாலிசிஸ், முன்பு வேறு மருத்துவமனையில் இருந்தது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுவன. இன்ன காரணத்தால்தான் வந்தது என ஒன்றை மட்டும் சுட்ட இயலாது என்றும் சொன்னார்.

வாப்பாவின் முதுமையும் சர்க்கரையும் எலும்பு முறிவும் எங்கள் கையில் இல்லை. மாத்திரை எங்கள் கையில் இருந்தது.

மற்றொன்று, அந்தக் கைகளே. ஊரிலிருந்து உறவினர்களும் ஜமாஅத்தாரும் வந்தவண்ணம் இருந்தனர். கட்டிலில் அமர்ந்து, வாப்பாவிடம் முஸாஃபஹா செய்து, அதே கையோடு பக்கத்துக் கட்டில் பெரியவரின் கையையும் பற்றி துஆச் செய்தனர். சிறுநீர்ப் பையை நகர்த்திவிட்டுக் கழுவாத கையால் பேரீச்சம்பழம் ஊட்டியவர்கள் நாங்கள். செவிலியர் சுவரிலிருந்த கைச்சுத்தித் திரவத்தைச் சுட்டியபோது, "எல்லாரும் நம்மவர்கள்தாமே" என்றோம்.

சில நாட்களில் அந்தப் பெரியவருக்கும் அதே கிருமி கண்டது. எங்கள் வழியாகச் சென்றதா என்பதை அல்லாஹ்வே அறிவான். அவர் மகனைப் பார்த்தபோது எங்களுக்கு நா எழவில்லை.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு உளூவின் சட்டங்களைக் கற்பிப்பவர்கள் நாங்கள். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விட வேண்டாம் என்றும், கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்லவும் அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஓதிக் கொடுத்திருக்கிறோம். நோயாளியின் அருகில் அது நினைவுக்கு வரவில்லை. நலம் விசாரிப்பது முஸ்லிமின் கடமை. அக்கடமை நோயாளிக்குத் தீங்காக முடிந்துவிடக் கூடாது.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, போதாத அளவில் மருந்து உண்பது கிருமியைப் பழக்கிவிடும் என எச்சரித்தார். நம் நாட்டிலும் மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது என்பதற்கு அடையாளமாக மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இடப்படுகிறது. அந்தக் கோட்டை நாங்கள் கவனித்ததே இல்லை.

நரம்பில் ஏற்றிய கடும் மருந்தால், அல்ஹம்துலில்லாஹ், வாப்பா வீடு திரும்பினார்கள். இப்போது எங்கள் வீட்டில் மீதி மாத்திரை டப்பா இல்லை. யாரேனும் மருத்துவமனையில் சேர்ந்தால், முன்பு உண்ட மருந்துகளின் விவரத்தை முதல் நாளே மருத்துவரிடம் கொடுத்துவிடுகிறோம். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று நாள்தோறும் பணிவுடன் கேட்கிறோம். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுகிறோம். சற்று நேரமே இருந்து, துஆச் செய்து விடைபெறுகிறோம்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! எங்கள் அறியாமையை மன்னிப்பானாக! ஆமீன்.