தூக்கிய காலும் நாலு விரலும்

திருச்சியில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். டயர் பில்லைப் பார்த்தால் போதும், எனக்குள் தூங்கும் துப்பறியும் சிங்கம் சிலிர்த்துக்கொள்ளும்.

அப்படிச் சிக்கியது ஒரு டிரெய்லரின் லிஃப்ட் ஆக்ஸில் டயர். வண்டி காலியாகப் போகும்போது தரையில் படாமல் தூக்கி வைக்கிற ஆக்ஸில் அது. டயரும் மிச்சம், டீசலும் மிச்சம். பாதி நாள் சும்மா தொங்குகிற டயர், ஓடுகிற டயருக்கு முன்னால் எப்படித் தேயும்? புது டயரை விற்றுவிட்டு பழசை மாட்டிவிட்டார் என்று முடிவு கட்டி, டிரைவர் அண்ணன் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி நோட் எழுதினேன்.

முதலாளியிடம் கொடுப்பதற்குள் விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. கோபப்படவில்லை. "நாளைக்கு நார்த்தாமலைக்குக் கல்லு ஏத்தப் போறேன். லீவுதானே, கூட வாங்க சார்" என்றார்.

கீரனூர் தாண்டும்வரை எல்லாம் சுகம். நார்த்தாமலை ஊர்ச் சாலையில் ஒரு வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இதுவோ குட்டி மலை! முன் சக்கரங்கள் ஏறி இறங்கின. பிறகு கீழே 'சர்ர்ரக்' என்று ஒரு சத்தம்.

"இறங்குங்க சார்."

தூக்கிய டயருக்கும் தரைக்கும் நடுவே கையை நுழைத்தார். நாலு விரல்தான் போனது. "பின் சக்கரம் சமதரையில நிக்கும்போதே மேடு இதுக்கு அடியில வந்துடுது. சுத்துற டயர்னா உருண்டு ஏறும். இது சுத்தாம தொங்குது, ஒரே இடத்துல தேய்ச்சுக்கிட்டுப் போவுது."

டயரைப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் வழுக்கை, என் தலை மாதிரி.

"இன்னும் மேலே தூக்க வேண்டியதுதானேண்ணே?"

"தூக்குற காத்துப் பையில கசிவு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே புதுசு கேட்டு எழுதிக் கொடுத்தேனே. 'அவசியமில்லை'னு திரும்பி வந்துச்சு."

அந்த 'அவசியமில்லை' என் கையெழுத்து. அடியில் இனிஷியல் வேறு!

கல் ஏற்றும்வரை அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு மேலமலைப் பக்கம் நடந்தேன். 9-ம் நூற்றாண்டு விஜயாலய சோழீச்சுரம் கம்பீரமாக நிற்கிறது. கட்டியவர்களுக்கு என்னைப் போல ஒரு கணக்குப்பிள்ளை வாய்த்திருக்க மாட்டான்.

திரும்பும்போது ஆக்ஸிலை இறக்கிவிட்டார். பாரத்தோடு தூக்கினால் அதன் பங்கு மற்ற ஆக்ஸில்களின் தலையில் விழும். நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 2018-ல் 11.5 டன் ஆனது. அதற்கு மேல் போனால் அபராதம், அதோடு டயர் வெடித்தால் ஆபத்து. "டயரைக் காப்பாத்துறேன்னு சில பேரு பாரத்தோடவே தூக்கிடுறாங்க. நான் செய்யறதில்லை" என்றார். இவரைத்தான் திருடர் என்று எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை நோட்டைக் கிழித்தேன். காற்றுப் பை பில் பாஸானது. முதலாளி முறைத்தார். "தப்பு என்னுதுதான் சார்" என்றேன். தேய்ந்த டயருக்கு என் சம்பளத்தில் கை வைப்பார் என்று பயந்தேன். நல்லவேளை, திட்டோடு விட்டார்.

இப்போதெல்லாம் டிரைவர் அண்ணன் ஆபீஸுக்கு வந்தால் வணக்கம் சொல்வதில்லை. வாசலிலிருந்தே ஒரு முழுக் கையை விரித்துக் காட்டிச் சிரிக்கிறார். அதாவது, கிளியரன்ஸ் ஒரு சாண்!